கைடு கூட வரும் ஸ்கூபாவில் எது அவர் பொறுப்பு, எது நம் பொறுப்பு?

ஊருணிக்கரை:

வணக்கம். காரைக்குடி, கோட்டையூர், தேவகோட்டை என மூன்று ஊரிலிருந்து சேர்ந்து 9 பேர் ஜனவரியில் அந்தமான் போகிறோம். ஸ்வராஜ் தீவில், அதாவது பழைய ஹேவ்லாக்கில், இரண்டு நாள் ஸ்கூபா. நான்கு பேரிடம் ஓப்பன் வாட்டர் கார்டு, அதாவது ஸ்கூபா பயிற்சி முடித்த சான்று இருக்கிறது. அதில் இரண்டு பேர் கடலில் இறங்கி ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. மீதி ஐந்து பேருக்கு இதுதான் முதல் தடவை. வயது 11-லிருந்து 58 வரை.

கடையில் போனில் சொன்னது இது: "ரெண்டு கைடு கூடவே வருவாங்க, எல்லாத்தையும் அவங்க பாத்துக்குவாங்க, நீங்க மீனைப் பாத்தாப் போதும்." பொறுப்புத் துறப்புப் படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். ஒருவரே ஒன்பது பேருக்கும் நிரப்பி அனுப்பலாமாம்.

இந்த ஏற்பாடு சரிதானா? கைடு இருக்கும்போது நாங்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன? எங்களில் மூன்று பேர் சின்ன வயதிலிருந்து கிணற்றிலும் ஊருணியிலும் நீந்தியவர்கள், தம் பிடித்து முங்கினால் ஒன்றரை நிமிஷம் இருப்பார்கள். அது உதவுமா? கடைசி நாள் காலையில் ஒரு டைவ் முடித்துவிட்டு, கப்பலில் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வந்து, அன்றே விமானம் ஏறுவதாகத் திட்டம்.


இரண்டாம்கட்டு:

முதலில் தலைக்கணக்கு, ஏனென்றால் அதுவே இடிக்கிறது. பி.ஏ.டி.ஐ. என்ற ஸ்கூபா பயிற்சி அமைப்பின் விதிப்படி, கடலில் ட்ரை டைவுக்கு (பயிற்சி இல்லாதவர் முதல் தடவை இறங்குவது) ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு 4 பேர் உச்சம், ஆழம் 12 மீட்டர் உச்சம். உங்களிடம் முதல் தடவைக்காரர்கள் ஐந்து பேர். இரண்டு கைடுகளில் ஒருவர் இந்த ஐவரோடு போனால் அப்போதே விதி மீறல். இருவருமே ஐவரோடு போனால் கார்டு உள்ள நால்வருக்கு ஆள் இல்லை. ஒன்பது பேரையும் ஒரே கூட்டமாக இறக்கினால் அது எல்லாவற்றையும்விட மோசம். அதோடு 'கைடு' என்று கடை சொல்வது வழிகாட்டும் டைவ் மாஸ்டரையா, கற்றுத்தரும் இன்ஸ்ட்ரக்டரையா என்று கேளுங்கள். ட்ரை டைவைக் கடலில் நடத்த இன்ஸ்ட்ரக்டர் வேண்டும். அந்தமானில் பல கடைகள் ட்ரை டைவுக்கு ஒருவருக்கு ஒருவர் என்றே கூட்டிப் போகின்றன, கேட்டால் கிடைக்கும். முடியாது என்றால் இரண்டு பேருக்கு ஒருவர் என்பதற்குக் கீழே இறங்காதீர்கள், அதிலும் 11 வயதுப் பிள்ளைக்குத் தனி ஆள்.

பொறுப்பும் இந்த இடத்தில்தான் பிரிகிறது. ட்ரை டைவ் போகிறவரின் காற்று, ஆழம், மிதப்பு எல்லாம் இன்ஸ்ட்ரக்டர் கையில். மூச்சை நிறுத்தாமல் விட்டுக்கொண்டே இருப்பது, காது வலித்தால் உடனே காட்டுவது, மனசு ஒப்பவில்லை என்றால் மேலே போகச் சொல்வது, இவ்வளவுதான் ட்ரை டைவ் போகிறவர் வேலை. கார்டு வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. தன்னைப் போல் பயிற்சி பெற்ற ஒரு ஜோடியோடு, கைடு இல்லாமலே 18 மீட்டர் வரை போய்வரத் தெரியும் என்பதற்குத்தான் அந்தக் கார்டு. கைடு முன்னால் நீந்துவதால் அந்தப் பொறுப்பில் ஒரு பைசாகூட அவர் பேருக்கு மாறாது. இடத்தைத் தேர்ந்தெடுப்பது, நீரோட்டத்தைப் பார்ப்பது, வழி காட்டுவது, படகோடு சேர்ப்பது, விபத்தென்றால் உதவுவது அவர் வேலை. உங்கள் சிலிண்டரில் மிச்சக் காற்றைக் காட்டும் மீட்டரைப் படிக்கும் கணக்குப்பிள்ளை அவர் இல்லை. எத்தனை பேருடைய மீட்டரைத்தான் அவர் படிப்பார்? தண்ணீர் கலங்கி 5 மீட்டருக்கு மேல் தெரியாத நாளில் நான்காவது ஆள் இருக்கிறாரா என்பதே அவருக்குத் தெரியாது.

இனி காற்றுக் கணக்கு. நம் ஊர்க்காரர்களுக்குப் பேரேடு எழுதக் கற்றுத்தர வேண்டியதில்லை, அதனால் நேராக எண்களுக்கு வருகிறேன்.

பெரும்பாலான கடைகளில் இருப்பது 'எண்பது' என்று சொல்லும் அலுமினியச் சிலிண்டர். அதன் உள்கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 2220 லிட்டர் காற்று. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் 1 பார் கூடும். மேலே 1, 10 மீட்டரில் 2, 18 மீட்டரில் 2.8. மேலே நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 18 மீட்டரில் 56 லிட்டர் இழுப்பார். பதற்றமான புது ஆள் மேலேயே 28 லிட்டர் இழுத்தால் அங்கே 78.

செலவுக்கு முன் கையிருப்பை ஒதுக்குங்கள். அந்தக் கையிருப்பு உங்களுக்கு மட்டும் இல்லை. ஜோடிக்குக் காற்று நின்றுபோனால் உங்கள் உபரி ரெகுலேட்டரிலிருந்து (வாயில் வைத்து மூச்சிழுக்கும் கருவி) அவருக்குக் கைமாற்றாகக் கொடுக்க வேண்டிய காற்றும் அதில் அடக்கம். பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர் என்றால் இருவருக்கும் நிமிஷத்துக்கு 60. 18 மீட்டரில் நிலைமையைப் புரிந்துகொண்டு ரெகுலேட்டரை மாற்ற ஒரு நிமிஷம், 168 லிட்டர். நிமிஷத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மேலே வர 2 நிமிஷம், சராசரி அழுத்தம் 1.9, ஆக 228. வழியில் ஐந்து மீட்டரில் பாதுகாப்புக்காக 3 நிமிஷம் நிற்க 270. கூட்டினால் 666 லிட்டர். 11.1-ஆல் வகுத்தால் 60 பார். அதாவது 18 மீட்டரில் முள் 60-க்குக் கீழே போய்விட்டால் இருவரையும் மேலே கொண்டுவரும் முதல் உங்களிடம் இல்லை. மீட்டரில் படிக்க வசதியாக 70 என்று வையுங்கள். "50 பாரோடு படகுக்கு வந்தால் போதும்" என்று கடையில் சொல்வது படகில் ஏறும்போது இருக்க வேண்டிய அளவு. அதைக் கீழே கிளம்ப வேண்டிய அளவு என்று எடுத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு.

200-இல் 70 போனால் செலவுக்கு 130 பார், 1443 லிட்டர். 56 லிட்டர் இழுப்பவருக்கு அது 18 மீட்டரில் 26 நிமிஷம் வரும். 78 இழுப்பவருக்கு 18 நிமிஷம்தான். மேலே 15 லிட்டர் இழுக்கும் பழகிய ஆளுக்கு 34 நிமிஷம். ஒரே கூட்டத்தில் போகிற மூன்று பேருக்குள் இவ்வளவு வித்தியாசம். கைடு தன் மூச்சளவை வைத்து ஓட்டினால் அதிகம் இழுப்பவருக்குக் காற்று போதாது. கூட்டத்தின் நேரத்தைக் காற்று சீக்கிரம் கரைகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். கிளம்பிய கயிற்றுக்கே திரும்பி வர வேண்டிய இடமென்றால் அந்த 130-இல் பாதி போனதும், 135 பாரில் திரும்ப வேண்டும். படகு பின்னால் வரும் நீரோட்ட டைவில் இந்தப் பாதிக் கணக்கு தேவையில்லை.

உங்கள் அளவைக் கண்டுபிடிக்க முதல் நாளே போதும். 10 மீட்டரில் 10 நிமிஷம் சாதாரணமாக நீந்துங்கள். 40 பார் இறங்கியிருந்தால் 40 பெருக்கல் 11.1, 444 லிட்டர். பத்து நிமிஷத்தால் வகுத்து, 2 பாரால் வகுத்தால் 22. இதுதான் உங்கள் அளவு, அன்று மாலையே கைடிடம் சொல்லுங்கள்.


தொண்டிக்காற்று:

கிணறு, ஊருணி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தண்ணீர் பயம் இல்லை என்ற வகையில் நல்லது. தம் பிடிக்கிற பழக்கம் இருக்கிறதே, அதுதான் வில்லங்கம்.

முத்துக்குளிப்பவரும் சங்கு எடுப்பவரும் மூச்சடக்கி இறங்கலாம். அவர் மேலே இழுத்த காற்று கீழே சுருங்கும், ஏறும்போது பழைய அளவுக்குத் திரும்பும், அதற்கு மேல் விரியாது. ஸ்கூபாவில் கீழே இருக்கும் அழுத்தத்திலேயே காற்றை இழுக்கிறீர்கள். 10 மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்து, வாயை மூடி மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்து காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்தால் மூளை வரை போகும். இதற்குப் பெரிய ஆழம் வேண்டியதில்லை, நிறைந்த நுரையீரலோடு ஒன்றரை மீட்டர் ஏறினாலே நடக்கலாம். கிணற்றுக்காரர் பதறினால் கை கால் தானாகச் செய்வது மூச்சை அடக்கி மேலே உதைப்பது. அந்த மூவரிடமும் இதைத் தனியாகச் சொல்லி, ஆழமில்லாத நீரில் ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டும்போதுகூடச் சின்னச் சின்னக் குமிழியாக விட்டுக்கொண்டே இருக்கப் பழக்குங்கள். காற்றை மிச்சம் பிடிக்க மூச்சை நிறுத்தி நிறுத்தி விடுவதும் வேண்டாம், தலைவலிதான் மிச்சம்.

அடுத்து, அமிழ்வதற்காக இடுப்பில் கட்டும் ஈயக்கட்டி. நல்ல தண்ணீரில் பழகிய அளவு கடலில் போதாது. கடல்நீர் இரண்டரை சதவீதம் கனம் அதிகம். ஆளும் சாமானும் சேர்ந்து 90 கிலோ என்றால் ஏறத்தாழ இரண்டேகால் கிலோ ஈயம் கூட வேண்டும். அதைவிட முக்கியம், புது ஆட்களுக்கு "மிதந்துவிடக் கூடாதே" என்று கடைப் பையன்கள் அள்ளிப் போடும் கூடுதல் ஈயம். கனம் அதிகமானால் மிதப்புக்கான ஜாக்கெட்டில் காற்றை ஏற்றுவீர்கள், அந்தக் காற்று ஏறும்போது விரிந்து உங்களைத் தூக்கும். சோதனை எளிது. ஜாக்கெட்டைக் காலியாக்கி, சாதாரண மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு, அசையாமல் நிமிர்ந்து நின்றால் தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும், மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது இதைச் செய்தால் மேலும் 2 கிலோ சேருங்கள். 200 பாரிலிருந்து 50-க்கு வரும்போது 1665 லிட்டர் காற்று தீர்கிறது, அதன் எடை அவ்வளவுதான். அதைச் சேர்க்காவிட்டால் கடைசி மூன்று நிமிஷம் 5 மீட்டரில் நிற்க முடியாமல் மேலே தூக்கி அடிக்கும்.

கை சைகை. கட்டை விரலைத் தூக்கினால் தண்ணீருக்குள் 'மேலே போகலாம்' என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் நாள் முழுக்கக் கட்டை விரல் போடுகிறவர்கள் கீழே "சூப்பர்" என்று காட்ட, கைடு டைவை முடித்துவிடுவார். சரி என்பதற்குப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வட்டம். நம் ஊர்த் தலையாட்டலும் அப்படித்தான், பக்கவாட்டில் ஆட்டினால் நமக்குச் 'சரி', வெளியூர் கைடுக்கு 'இல்லை'. தலையை விட்டுவிட்டுக் கையால் மட்டும் பேசுங்கள். 100 பாருக்கும் 50 பாருக்கும் சைகை கடைக்குக் கடை மாறும், படகிலேயே கேட்டுவிடுங்கள்.

பெரிய மீசைக்காரர் இருந்தால் மாஸ்க் ஒழுகும். மூக்குக்கு நேர் கீழே அரை சென்டிமீட்டர் மழித்தால் அடைபடும். மனசு வராதவர் சிலிக்கான் கிரீஸ் தடவலாம். தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் மாஸ்க் பட்டை வழுக்கிக்கொண்டே இருக்கும். தாலிக்கொடி, சங்கிலி எல்லாம் சூட்டுக்குள்ளே போகட்டும், ஜாக்கெட் குழாயில் சிக்கினால் கழற்றுவது கஷ்டம்.


முகப்புத்திண்ணை:

ஏன்யா, ஜாலியா டூர் போறவங்கள இப்புடிப் பயமுறுத்துறீங்க? முதத்தடவ போற அஞ்சு பேருக்கு 666 லிட்டர் கணக்கெல்லாம் எதுக்கு? இன்ஸ்ட்ரக்டர் சிலிண்டரப் புடிச்சுக்கிட்டே வருவாரு. காத அழுத்தி விடத் தெரிஞ்சாப் போதும்.


இரண்டாம்கட்டு:

ஐந்து பேர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அவர்களுக்குக் கணக்கு வேண்டாம். என் கணக்கு கார்டு உள்ள நால்வருக்கு. அதுவும் ஒன்றரை வருஷம் இறங்காத இருவருக்கு முதலில் ரிஃப்ரெஷர் வேண்டும். கழுத்தளவுத் தண்ணீரில் மாஸ்க்கைக் கழற்றி மாட்டி நீரை ஊதித் தள்ளுவது, ரெகுலேட்டர் கைநழுவினால் தேடிப் பிடிப்பது, ஜோடியின் உபரி ரெகுலேட்டரில் மூச்சு விடுவது, ஓரிடத்தில் அசையாமல் மிதப்பது. அரை நாள் வேலை. இந்த இருவரையும் ஒரே ஜோடியாக்காதீர்கள். கணவன் மனைவி, மச்சான் மாமன் என்று உறவை வைத்து ஜோடி சேர்ப்பது நம் வழக்கம். கடலில் பழகியவரோடு பழகாதவரைச் சேருங்கள்.

காது பற்றிச் சொன்னீர்கள், அதை மட்டும் விரித்துவிடுகிறேன். டைவ் பாதியில் நின்றுபோக அதுதான் முதல் காரணம். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுவதைப் படகிலேயே ஆரம்பிக்க வேண்டும், பிறகு முதல் 5 மீட்டர் வரை அரை மீட்டருக்கு ஒரு தடவை. வலி வந்த பிறகு ஊதினால் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழல் ஏற்கெனவே அழுந்தி மூடியிருக்கும், அப்போது பலமாக ஊதினால் உள்காது கெடும். அரை மீட்டர் மேலே வந்து மறுபடி முயல வேண்டும். அதற்கும் திறக்காவிட்டால் அன்றைக்கு டைவ் இல்லை. சளி இருந்தால் இறங்கவே கூடாது. மூக்கடைப்பு மாத்திரை போட்டு இறங்கினால் பாதியில் அதன் வேகம் அடங்கி, ஏறும்போது உள்ளே மாட்டிய காற்று வெளியேறாது. இறங்கும்போது வலித்தால் மேலே போய்விடலாம், ஏறும்போது வலித்தால் போக வேறு வழி கிடையாது.


ஆத்தங்குடிக்கல்:

படிவத்துக்கு வருகிறேன். ஒருவரே ஒன்பது பேருக்கும் நிரப்பலாம் என்பதை ஏற்காதீர்கள். அதில் இரண்டு காகிதம் இருக்கும். ஒன்று, ஆபத்து தெரிந்தே வருகிறேன் என்ற துறப்பு. மற்றது மருத்துவக் கேள்வித்தாள். பின்னது உங்கள் உயிருக்காக எழுதுவது. ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, நுரையீரல் காற்றுக்கசிவு, காது அறுவை, சர்க்கரை, கர்ப்பம் எல்லாம் அதில் வரும். 45 வயது தாண்டியிருந்தால் புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இதய நோய் என்று கூடுதல் கேள்வி உண்டு. ஒன்றுக்காவது 'ஆம்' என்றால் டாக்டர் கையெழுத்து வேண்டும், அதற்கான மருத்துவர் பக்கமும் அந்தப் படிவத்தோடேயே வரும். காரைக்குடியிலேயே உங்கள் டாக்டரிடம் அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டி வாங்கிவிடுங்கள். தீவுக்குப் போன பிறகு 'ஆம்' என்று எழுதினால் பணமும் போகும் நாளும் போகும், அதனாலேயே பலர் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள்.

துறப்பில் கையெழுத்துப் போட்டால் கடைக்குப் பொறுப்பே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்றே தனியாக வரையறை இருக்கிறது. கடையின் அலட்சியத்தை ஒரு காகிதம் தானாக மூடிவிடாது. ஆனால் மருத்துவக் கேள்வியில் மறைத்திருந்தால் உங்கள் பக்கம் ஓட்டை. இன்சூரன்ஸிலும் அதே கதை. சாதாரணப் பயண பாலிசிகள் பல, சாகச விளையாட்டை விலக்கி வைத்திருக்கும். ஸ்கூபா, எத்தனை மீட்டர் வரை, அழுத்த அறைச் சிகிச்சை (உடலில் நைட்ரஜன் குமிழியானால் தருவது) உண்டா என்று மூன்றையும் பாலிசியில் தேடிப் பாருங்கள்.

விமானம். கடைசி நாள் காலை டைவ், அன்றே விமானம் என்பதைத் தூக்கிவிடுங்கள். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் பல டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். உங்களில் கார்டு உள்ளவர்கள் இரண்டாம் வகை. 24 மணி நேரம் விட்டால் கப்பல் தாமதம், விமான நேர மாற்றம் எதுவும் கணக்கைக் கெடுக்காது. காரணம் இதுதான். கீழே ரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைட்ரஜன் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். விமானத்துக்குள் அழுத்தம் 2400 மீட்டர் உயரம் வரை உள்ள மலையில் இருப்பதுபோல் குறையலாம். மிச்ச நைட்ரஜன் அங்கே குமிழியாகும். கொடைக்கானல் 2100 மீட்டர். அதனால் தென்கடற்கரையில் எங்காவது காலையில் இறங்கிவிட்டு மாலையில் கொடைக்கானல் ஏறுகிறவர்களுக்கும் இதே காத்திருப்பு உண்டு, கார்தானே என்று நினைக்கக் கூடாது.

படகில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள். "இருக்கு" என்ற பதில் போதாது. எத்தனை லிட்டர் சிலிண்டர், எத்தனை பார், மாஸ்க் எந்த வகை? நிமிஷத்துக்கு 15 லிட்டர் கொடுக்க வேண்டும். 10 லிட்டர் கொள்ளளவுள்ள 'பி டைப்' சிலிண்டர் 150 பாரில் 1500 லிட்டர், அதாவது 100 நிமிஷம். டைவ் இடத்திலிருந்து கரைக்கும், கரையிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் அந்த நேரத்துக்குள் போக முடியுமா என்பதுதான் கேள்வி. டைவ் முடிந்து மூட்டுவலி, மரமரப்பு, தலைச்சுற்றல், தோலில் திட்டு, சிறுநீர் பிரியாமை, காரணமில்லாத அசதி எது வந்தாலும் ஆளைப் படுக்க வைத்து ஆக்சிஜன் கொடுத்து, நினைவிருந்தால் தண்ணீர் குடிக்க வைத்துக் கிளம்ப வேண்டும். "தூங்கி எழுந்தால் சரியாகும்" என்று அறைக்குப் போவது கூடாது, வலியைக் குறைக்க மறுபடி தண்ணீரில் இறங்கவே கூடாது. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554, கரையில் 112.


ஊருணிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. விமானத்தை மறுநாளுக்கு மாற்றியாயிற்று. இன்னும் மூன்று. 58 வயது சித்தப்பா பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார், அளவு கட்டுக்குள் இருக்கிறது. அவர் இறங்கலாமா? படகில் கைடிடம் இவ்வளவு கேட்டால் அவரை நம்பாத மாதிரி ஆகாதா? கீழே கூட்டத்தை விட்டுப் பிரிந்துபோனால் என்ன செய்வது?


ஆத்தங்குடிக்கல்:

கட்டுக்குள் இருப்பது மட்டும் போதாது, எந்த மாத்திரை என்பதையும் டாக்டர் பார்க்க வேண்டும். பீட்டா பிளாக்கர் வகை, உடல் பாடுபடும்போது இதயம் வேகமெடுப்பதைத் தடுக்கும். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும்போதுதான் அது தெரியும். இன்னொன்று, தண்ணீரில் மூழ்கினாலே கைகால் ரத்தம் நெஞ்சுப் பக்கம் திரும்பும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதனால் நுரையீரலில் நீர் கோக்க வாய்ப்பு கூடுதல். மூச்சு வாங்குவது, இருமல், நுரையோடு சளி, இவைதான் அடையாளம். காற்று தீரவில்லை, ரெகுலேட்டரும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் மூச்சு போதவில்லை என்றால் உடனே மேலே வந்து ஆக்சிஜன். டாக்டர் எழுதிக் கொடுத்தால் சித்தப்பா போகலாம், ஆனால் அவருக்கு நீரோட்டமில்லாத இடம்.

காலையில் இரண்டு இட்லி, படகு கிளம்ப இரண்டு மணி நேரம் முன்னால். முதல் நாள் இரவு பிரியாணி, மது இரண்டும் வேண்டாம். கப்பல் வாந்திக்கு அவோமின் போடுகிறவர்கள் ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள், தூக்கம் தள்ளினால் அதைப் போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது. கீழே வாந்தி வந்தால் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்காமல் அதன் வழியாகவே எடுத்துவிட்டு, பட்டனை அழுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். கேட்க அருவருப்பாக இருக்கும். ஆனால் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு வாந்தி பண்ணினால் அடுத்த மூச்சு தண்ணீராகத்தான் வரும்.


தொண்டிக்காற்று:

நம்பாத மாதிரி ஆகாது. நல்ல கைடுக்குக் கேள்வி கேட்கிற ஆள்தான் பிடிக்கும், அவருடைய பாரம் குறைகிறதே. முகம் சுளிக்கிறவர் என்றால் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மீட்டர் ஆழம், எத்தனை நிமிஷம், எத்தனை பாரில் திரும்புகிறோம், பிரிந்தால் எங்கே சேர்கிறோம், படகு கட்டியிருக்குமா பின்னால் வருமா, இந்த ஐந்தும் படகில் அவர் வாயிலிருந்து வர வேண்டும். 18 மீட்டர் கார்டுக்காரரை "வாங்க, 25 வரைக்கும் போயிட்டு வந்துரலாம், நான் இருக்கேன்ல" என்று கூப்பிட்டால் வரவில்லை என்று சொல்லுங்கள். 25 மீட்டரில் அழுத்தம் 3.5, உங்கள் 26 நிமிஷம் 20 ஆகும், கையிருப்பும் கூட வேண்டும். 'வரவில்லை' என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை, படகில் ஏறிய பிறகும் இல்லை, இடுப்பில் ஈயம் கட்டிய பிறகும் இல்லை.

சாமானை மற்றவர் மாட்டிக் கொடுத்தாலும் கடைசிப் பார்வை உங்களுடையது. ஜாக்கெட்டில் காற்று ஏறுகிறதா இறங்குகிறதா, ஏற்றும் பட்டன் ஒட்டிக்கொள்ளவில்லையே, ஈயப்பட்டையை ஒரே கையால் கழற்ற முடிகிறதா, சிலிண்டர் பட்டை இறுகியிருக்கிறதா. பிறகு மீட்டரைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நான்கு தடவை ஆழமாக மூச்சு இழுங்கள். முள் அசையக் கூடாது. ஒவ்வொரு இழுப்புக்கும் இறங்கி ஏறினால் வால்வு பாதிதான் திறந்திருக்கிறது. 'முழுக்கத் திறந்து கால் சுற்று மூடு' என்ற பழைய பழக்கத்தால் வருகிற வினை இது. திறந்த வால்வை ஒருவர் தெரியாமல் மூடி, கால் சுற்று மட்டும் திறந்து வைப்பார். மேலே மூச்சு தாராளமாக வரும். 18 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் 2.8 மடங்கு காற்று வேண்டும், அந்தச் சின்னச் சந்து வழியே அது வராது. மீட்டர் 170 காட்டும், மூச்சு முட்டும். காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ வந்தால் சிலிண்டரை மாற்றச் சொல்லுங்கள். சிலிண்டர் தோளில் நீரழுத்தச் சோதனைத் தேதி குத்தியிருக்கும், பொதுவாக 5 ஆண்டுக்கு ஒரு தடவை.

பிரிவது பற்றி. ஜோடி எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வார்கள், அதற்கு ஒரு அளவு உண்டு. ஒரு மூச்சை வெளியே விட்டபடியே, அடுத்த மூச்சு இழுக்காமல் அவரிடம் போய்ச் சேர முடியுமா? முடிந்தால் அதுதான் சரியான தூரம். கைடு 15 மீட்டர் முன்னால் போகிறார் என்றால் காற்று நின்ற நேரத்தில் அவர் உங்களுக்கு இல்லாத ஆள்தான், ஜோடிதான் இருக்கிறார். காணவில்லை என்றால் நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், மேலேயும் கீழேயும், குமிழி எங்கே எழும்புகிறது என்றும். ஒரு நிமிஷம், அதற்கு மேல் தேட வேண்டாம். பிறகு நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் மேலே வந்து, ஜாக்கெட்டில் காற்றை நிரப்பி, விசில் அடித்துப் படகுக்குக் காட்டுங்கள். அவரும் அதையே செய்தால் மேலே சந்திப்பீர்கள். வரவில்லை என்றால் படகுக்காரரிடம் சொல்லி ஆள் இறக்குங்கள், நீங்கள் தனியாக மறுபடி இறங்காதீர்கள். இந்த ஒரு நிமிஷ ஏற்பாட்டை இருவரும் முன்பே பேசியிருந்தால்தான் பலன். ஒருவர் மேலே வந்துவிட, மற்றவர் கீழே பத்து நிமிஷம் தேடி 70-ஐத் தாண்டிக் காற்றைக் கரைப்பது வழக்கமான விபரீதம். ஜோடிக்கு, இருக்கும் இடத்தைப் படகுகளுக்குக் காட்டும் ஒரு மிதவைக் குழலாவது வாடகைக்கு வாங்குங்கள், அந்தப் பக்கம் வேகப் படகுகள் ஓடும்.


முகப்புத்திண்ணை:

சரிதான்யா, ஒத்துக்கிறேன். ஒண்ணே ஒண்ணு, அந்த 11 வயசுப் பிள்ளைக்கு யாரு ஜாமீன்?


இரண்டாம்கட்டு:

பி.ஏ.டி.ஐ.யில் ட்ரை டைவுக்கு 10 வயது நிறைந்திருக்க வேண்டும், அது சரியாக இருக்கிறது. படிவத்தில் பெற்றோர் கையெழுத்து, தண்ணீரில் தனி இன்ஸ்ட்ரக்டர். பிள்ளையின் அளவுக்கு மாஸ்க்கும் ஜாக்கெட்டும் கடையில் இருக்கிறதா என்பதை இப்போதே கேட்க வேண்டும். பெரியவர் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டினால் சிலிண்டர் முதுகில் உருளும், ஆளைப் புரட்டும். அப்பா கேமராவோடு பக்கத்தில் வருவதாக இருந்தால் கேமராவை இன்ஸ்ட்ரக்டரிடம் கொடுக்காமல் மூன்றாவது ஆளிடம் கொடுங்கள். இன்ஸ்ட்ரக்டரின் இரண்டு கையும் பிள்ளை மேல் இருக்க வேண்டும். 12 மீட்டர் என்பது உச்சம்தான், பிள்ளைக்கு 5, 6 மீட்டரிலேயே பவளமும் மீனும் வேண்டிய மட்டும் உண்டு.

என் முதல் பதிவில் ஒரு திருத்தம். 11.1 லிட்டர் சிலிண்டரை வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். கடையில் 10 லிட்டர் சிலிண்டர் கொடுத்தால் அதே 666 லிட்டருக்கு 60 அல்ல, 67 பார் வரும், மீட்டரில் 80 என்று வையுங்கள். 12 லிட்டர் இரும்புச் சிலிண்டர் என்றால் 56. கொள்ளளவு சிலிண்டர் தோளிலேயே குத்தியிருக்கும், மாட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.